கப்பல் குழியை மூன்று சுற்று

1996ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். வடகிழக்கிலிருந்து காற்று. மழை விடியற்காலையில் இருந்து மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் மனம் மாறித் திரும்பிப் போயிருந்தது. ஒக்லாந்து நகரத்துப் புறநகரான ரானுயியில் எங்கள் வீட்டு வாசலில் மகளின் கார் உறுமிக்கொண்டு நின்றது. நான் அடுப்பை ஒரு முறையும் பின்கதவை இரண்டு முறையும் பார்த்துவிட்டு ஏறினேன். ஏறிய பிறகு பின்கதவைப் பற்றி மறுபடியும் சந்தேகம் வந்தது.

“அப்பா, கதவு எங்கேயும் ஓடிப் போகாது. பெல்ட்டைப் போடுங்கோ,” என்றாள் மகள்.

நாட்டில் தேர்தல் முடிந்து சரியாக ஒரு கிழமை. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. யார் யாரோடு சேருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாடே யாரோ ஒருவருடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தது. எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான்.

மகளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. அதுவரை மூன்று இடத்தில் சம்பந்தம் பேசியிருந்தோம். முதல் இடத்தில் சாதகம் பொருந்தவில்லை. இரண்டாம் இடத்தில் சாதகம் பொருந்தியது, சீதனம் பொருந்தவில்லை. மூன்றாம் இடத்தார் வீட்டுக்கு வந்து, ஆளுக்கு நாலு பலகாரம் சாப்பிட்டு, “அறிவிக்கிறம்” என்று சொல்லிப் போனார்கள். பதினான்கு மாதமாகியும் அறிவிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு மகள் தன் முடிவைச் சொன்னாள்.

“இன்னும் ஒரேயொரு ஆளைப் பாக்கிறன். வீட்டுக்கு ஒருத்தரும் வரக் கூடாது. நான் சீலை உடுத்துத் தட்டம் தூக்க மாட்டன். அதுவும் சரிவராட்டி, இந்தக் கதையை நீங்கள் ரெண்டு பேரும் இனி எடுக்கக் கூடாது. நான் மோட்கேஜ் எடுத்து ஒரு வீடு வாங்கி, ஒரு நாய் வளக்கப் போறன்.”

அவள் சொன்னால் செய்பவள். எனக்கு எழுபத்தொரு வயது. நாயின் ஆயுள் பன்னிரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டாலும், அது முடியும்போது எனக்கு எண்பத்துமூன்று. அதற்குப் பிறகு அவளோடு யார் இருப்பார்கள்? நான் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் விடை வராமல் நின்றது அந்த இடத்தில்தான்.

அந்த ‘ஒரேயொரு ஆளை’க் கண்டுபிடித்தது என் மனைவி. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் தேநீர் ஊற்றும் முறை இவளுக்கு வந்தபோது, பக்கத்தில் நின்று பிஸ்கட் அடுக்கியவர் பையனின் தாய். திருச்சிப் பக்கத்துக் குடும்பம். நாங்கள் யாழ்ப்பாணம். ஊரில் என்றால் இந்தச் சம்பந்தத்துக்கு நடுவில் ஒரு கடல் கிடந்திருக்கும். அவர்கள் துறைமுகத்துக்கு அக்கரையில், நோர்த் ஷோரில் இருந்தபடியால் இங்கே நடுவில் ஒரு பாலம் மட்டும்தான்.

பையன் டெவன்போர்ட்டில் இருந்த பழைய கப்பல் டொக்கில் இஞ்சினியர். விக்டோரியா மகாராணி காலத்தில் கரையை வெட்டிக் கல்லால் கட்டிய பெரிய குழி அது. கப்பல் உள்ளே வந்ததும் கதவை அடைத்து, தண்ணீரை இறைத்து, கப்பலின் அடிவயிற்றைப் பழுதுபார்ப்பார்கள். கடற்படை வளவுக்குள் இருப்பதால் சாதாரணமாக யாரும் போக முடியாது. அந்தச் சனிக்கிழமை பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். ஊரில் என்றால் இந்த மாதிரிக் காரியத்துக்குக் கோயில் திருவிழா இருக்கிறது. இரண்டு வீட்டாரும் ‘தற்செயலாக’ எதிர்ப்பட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே எங்களுக்கு வாய்த்தது டொக். “ராகுகாலம் முடிஞ்ச உடனே தற்செயலாச் சந்திப்பம்,” என்று இரண்டு தாய்மாரும் தொலைபேசியில் பேசி முடித்திருந்தார்கள்.

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது மணி முதல் பத்தரை வரை. இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் இரண்டு கிழமைக்கு முன்னர் கோடைக்காலத்துக்காக நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தார்கள். ராகு என்ன, பாராளுமன்றச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரா? சூரியனைப் பார்த்து நடப்பவர். ஆகவே உண்மையான ராகுகாலம் பத்து முதல் பதினொன்றரை வரை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு தெளிவான விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நகரத்தில் காரை நிறுத்தி, பகல் ஒரு மணி வரைக்கும் மீற்றரில் காசு போட்டோம். ஒரு மணி போதும் என்று கணக்குச் சொன்னவன் நான்தான். பிறகு ஃபெரி. உட்கார்ந்த உடனே உயிர்காப்புச் சட்டைகளை எண்ணத் தொடங்கினேன். தலைகளை எண்ணி முடிப்பதற்குள் டெவன்போர்ட் வந்துவிட்டது.

கடற்படை வாசலில் நன்கொடைப் பெட்டி. ஆளுக்கு ஒரு தங்க நிறக் காசு போட வேண்டுமாம். இந்த நாட்டில் ஒரு டொலரும் தங்க நிறம், இரண்டு டொலரும் தங்க நிறம். நான் ஒரு டொலர்களாகத் தேடிப் பொறுக்கி மூன்று போட்டேன். அடுத்து பையைச் சோதிக்க வேண்டும் என்றான் காவலாளி. மனைவிக்குத் தோள் வலி என்று மகள்தான் அந்தப் பெரிய பையைச் சுமந்து வந்தாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான்: தேநீர்க் குடுவை, வடைப் பெட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம், குங்குமம், சந்தனம், பளபளவென்று ஒரு எவர்சில்வர் தட்டம். கடைசியாக ஒரு தேங்காய். அதைக் காதருகே கொண்டுபோய் மெதுவாக ஆட்டிப் பார்த்தான். உள்ளே சளக் என்றது. ஓரடி பின்னே போனான்.

“அம்மா!” என்றாள் மகள் தட்டத்தைப் பார்த்து. “தட்டம் வேண்டாமெண்டு சொன்னனானெல்லே?”

“நீயா தூக்கப் போறாய்? சும்மா ஒரு பாதுகாப்புக்கு,” என்றாள் மனைவி. காவலாளியிடம் ஆங்கிலத்தில், “மதியச் சாப்பாடு,” என்றாள். அவன் தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

டொக்கின் விளிம்பில் போய் நின்றபோது மணி பத்து ஐந்து. கப்பல் ஒன்றும் இல்லை. குழி காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் பெரிய பெரிய கற்படிகள் கீழே இறங்கிப் போயின. அடியில் நடுவாக, கப்பலின் முதுகெலும்பைத் தாங்கும் மரக்கட்டைகள் வரிசையாக இருந்தன. ஒரு முனை வளைந்திருந்தது. கடல் பக்கத்து முனையில் பெரிய இரும்புக் கதவு; அதற்கு அப்பால் கடல், இப்பால் கோழி மேயலாம் போன்ற காய்ந்த தரை. அந்தக் கதவு கசிகிறதா என்று நான் இரண்டு நிமிடம் கவனித்தேன். கொஞ்சம் கசிந்தது.

“கோயில் கேணி மாதிரியெல்லே இருக்கு,” என்றாள் மனைவி.

அதைச் சொன்னதுதான் வினை. கேணி என்று மனதில் பட்டுவிட்டால் கால் தானாக வலம் வரத் தொடங்கிவிடுகிறது. குழி வலக்கைப் பக்கமாக இருக்க நாங்கள் நடந்தோம். நான் பழைய நில அளவைக்காரன். தூரத்தைக் காலால் அளப்பது பழக்கம். இரும்புக் கதவின் மேலிருந்த நடைபாதையையும் சேர்த்து ஒரு சுற்று அறுநூற்றுத் தொண்ணூற்றாறு அடிவைப்பு. முதல் சுற்று முடிந்தபோது பத்தரை. அப்போது எதிர்க்கரையில் மூன்றாவது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குடையும், கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு மனிதரும் தோன்றினார்கள்.

“இஞ்சருங்கோ, அவை வந்திட்டினம்!” என்றாள் மனைவி. “அந்தப் பச்சைக் குடைதான் தாய். பொடியன் கூட வரேல்லைப் போல.”

“பாக்காதையும்,” என்றேன். “ராகுகாலம் முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு.”

“என்ன விசர்க்கதை? பத்தரைக்கு முடிஞ்சுதெல்லே?”

சூரியன், பாராளுமன்றம், ராகு ஆகிய மூவரைப் பற்றியும் சுருக்கமாக விளக்கினேன். மகள் வானத்தைப் பார்த்தாள். நாலாவது மழை தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“பிள்ளை, நீ இந்தப் படியால கீழ இறங்கிப் போய் நில்,” என்றேன். பொதுமக்கள் இறங்கிப் பார்ப்பதற்கு ஒரு படிக்கட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். “அங்க ஒருத்தரும் உன்னைக் காணாயினம். பதினொண்டரைக்குக் கூப்பிடுறன்.”

“சந்தோஷம்,” என்றாள். படிக்கட்டின் தலைப்பில் ஒரு பெட்டியில் கிடந்த மஞ்சள் தலைக்கவசங்களில் ஒன்றை மாட்டிக்கொண்டு, பையோடு இறங்கிப் போனாள்.

அடுத்த ஒரு மணித்தியாலம் நான் என் வாழ்க்கையில் மறக்க முடியாத வேலை செய்தேன். பையனின் தாய் எதிர்க்கரையில் இருந்து கையை ஆட்டினார். நான் கப்பலைக் கயிற்றால் கட்டிவைக்கும் ஒரு இரும்புக் குற்றியைக் கவனமாகப் பார்த்தேன். அவர்கள் எங்கள் பக்கம் வர நடந்தார்கள். நாங்களும் நடந்தோம்; அவர்கள் நின்றால் நாங்களும் நின்றோம். அவர்களும் குழியை வலக்கையில் வைத்தே நடந்தார்கள். நாங்கள் வளைந்த முனையில் இருக்கும்போது அவர்கள் இரும்புக் கதவில். நாங்கள் கதவில் ஏறும்போது அவர்கள் வளைந்த முனையில்.

“அந்த மனிசி கையை ஆட்டி ஆட்டிக் களைச்சுப் போச்சு,” என்றாள் மனைவி. “நீங்கள் இரும்போட நிண்டு கதைக்கிறியள். இந்தச் சம்பந்தமும் போச்செண்டால் நாய்க்குச் சோறு நீங்கள்தான் வைக்க வேணும், சொல்லிப்போட்டன்.”

“சோறு தின்னாது. அதுக்குத் தகரத்தில அடைச்ச சாப்பாடு. விலை தெரியுமே உமக்கு?” என்றேன். ஆனால் அந்த இரும்புக் கதவின் கசிவை மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

பதினொன்றரைக்கு நாங்கள் இரண்டாம் சுற்றை முடித்திருந்தோம். இனி ராகு இல்லை. நான் தொப்பியைக் கழற்றி எதிர்க்கரையைப் பார்த்து ஆட்டினேன். மஃப்ளர்காரர் மிகவும் பணிவாகக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கினார். நாங்கள் விரைந்தோம், அவர்களும் விரைந்தார்கள். எங்களுக்கு நடுவில் அந்தக் குழி அப்படியே கிடந்தது.

“இஞ்சால திரும்பி நடந்தால் ரெண்டு நிமிசத்தில எதிர்ப்படுவம்,” என்றாள் மனைவி.

“பிள்ளையின்ர சம்பந்தம் பாக்க வந்த நாளில இடப்பக்கமாச் சுத்தவோ?”

“அப்ப நில்லுங்கோ! நிண்டால் அவை வருவினம்தானே!”

அறுபது வயது தாண்டிய ஒருத்தி இவ்வளவு எளிமையான வழியைச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் சுற்று மூன்று நிறைவது நல்லது என்று அதை முடித்துவிட்டே நின்றேன். நாங்கள் நின்றதும் அவர்களும் நின்றுவிட்டார்கள், நேர் எதிரில். ஒரு நிமிடம் பார்த்தோம். பிறகு வெட்கத்தில் நான் குனிந்து குழிக்குள் பார்த்தேன். நான் என்ன பார்க்கிறேன் என்று அவரும் குனிந்தார்.

கீழே, நடு வரிசை மரக்கட்டை ஒன்றின் மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நீல வேலைச் சட்டை போட்ட ஒருவர். இருவருக்கும் நடுவில் எங்கள் எவர்சில்வர் தட்டம். அதில் எங்கள் வாழைப்பழம். அவர் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். வடைப் பெட்டி திறந்து கிடந்தது. சற்றுத் தள்ளி இரண்டு தொழிலாளர்கள் கையில் ஆளுக்கொரு வடை.

“நம்ம பையன்!” என்று எதிர்க்கரையில் இருந்து பெண்குரல் கேட்டது.

“எங்கட வடை!” என்றாள் என் மனைவி.

நான் கணக்குப் போட்டேன். அவள் இறங்கியது பத்தரை தாண்டி. அங்கேயே அவர் நின்றிருந்தால், இரண்டு பேரும் பேசத் தொடங்கியது அசல் ராகுகாலத்தின் நட்டநடுவில். அதுவும் நானே அனுப்பி வைத்து. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது.

கீழே இருந்து மகள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, எத்தனை சுத்து?” என்று கத்தினாள்.

“மூண்டு!” என்றேன் யோசிக்காமல்.

நீலச் சட்டைக்காரர் இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தார். மகள் தலைக்கவசத்தில் அடித்துக்கொண்டாள்.

படிக்கட்டின் தலைப்பில் எல்லோரும் ஒருவழியாகத் தற்செயலாகச் சந்தித்தோம். மஃப்ளர்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், மன்னிக்கணும். நீங்க ஏதோ வேண்டுதல் வச்சுக்கிட்டுச் சுத்துறீங்கன்னு நெனச்சுட்டேன். குறுக்கே வந்து கெடுக்கக் கூடாதேன்னு நாங்களும் பின்னாலயே சுத்தினோம். நீங்க நின்னதும், சரி, இங்க நிக்கணும் போலன்னு நின்னுட்டோம்.”

“நான் அப்பவே சொன்னேன், போய்ப் பேசுங்கன்னு,” என்றார் அவர் மனைவி. “ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு இன்னொரு சுத்து!”

“இஞ்சயும் இதே கதைதான்,” என்றாள் என் மனைவி. இரண்டு பெண்களும் எங்களைத் தாண்டி ஒருவரையொருவர் பார்த்த பார்வையில், சம்பந்தம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தக் கூட்டணி உறுதியாகிவிட்டது தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்காக ஃபெரித் துறைக்குப் பக்கத்தில் இருந்த, மீனும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் பொரிக்கும் கடைக்குப் போனோம். நவராத்திரி ஏழாம் நாள். மச்சம் மாமிசம் கிடையாது. கடைக்காரரிடம் நான், “எந்த எண்ணெய்?” என்று ஆங்கிலத்தில் கேட்க வாயெடுத்த அதே கணம், என் காதுக்குப் பக்கத்தில் அதே கேள்வி அதே ஆங்கிலத்தில் கேட்டது. மஃப்ளர்காரர். கடைக்காரர் பெருமையாக, “சுத்தமான மாட்டுக் கொழுப்பு,” என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் பின்வாங்கினோம். அவர் கேட்கும்போது குரலில் இருந்த அந்தச் சந்தேகம், யாரையும் நம்பாத அந்த நல்ல குணம், எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஆகவே மதியச் சாப்பாடு, பையில் மிஞ்சியிருந்த தேங்காயும் ஒன்பது வாழைப்பழமும்தான். கடற்கரைக் கருங்கல்லில் தேங்காயை உடைக்க மஃப்ளர்காரர் கையை ஓங்கினார். அழுகல் என்றால்? கோணலாக உடைந்தால்? நாலு மாதிரி யோசிப்பதற்குள் டொக் என்று சத்தம். சரிபாதி. ஒரு நூல் கூடக் குறையவில்லை. நான் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இரண்டு தாய்மாரும் தேங்காய்ச் சில்லைக் கடித்தார்கள். பையன் எனக்கு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார்.

“மாமா, அந்தக் கதவு லீக் ஆகுதான்னு பாத்துட்டு இருந்தீங்கல்ல? கீழ இருந்து பாத்தேன்,” என்றார். “கொஞ்சம் லீக் ஆகத்தான் செய்யும். பம்ப் ஓடிட்டே இருக்கும். கவலப்படாதீங்க.”

அவர் என் மகளைப் பற்றியோ தன்னைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை; அவளாகச் சொல்லும்வரை கேட்பதில்லை என்று வீட்டிலேயே ஒப்பந்தம் செய்திருந்தோம். ஒரு ஃபெரியை விட்டோம். பிறகு இன்னொன்றையும் விட்டோம், ஏனென்றால் அவர்கள் இருவரும் துறைமுகத்தில் நின்று எதையோ சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மனைவி என் மணிக்கட்டின் மேல் கையை வைத்து மூடிவிட்டாள்.

திரும்பும் ஃபெரியில், ஒக்லாந்துக்குப் பாதித் தூரம் வந்த பிறகு, மகள் தானாகவே கதைத்தாள்.

“சட்டையில பெயர் தைச்சிருந்தது, அப்பா. அதாலதான் கண்டுபிடிச்சன். மேல சுத்துறது உங்க அப்பாவா எண்டு கேட்டார். ஓமெண்டன். எங்க அப்பாவும்தான் எண்டார். எத்தனை சுத்துக்குப் பிறகு சந்திப்பினம் எண்டு பந்தயம் கட்டினம். நான் அஞ்செண்டன். அவர் மூண்டெண்டார்.”

“அப்ப நீ தோத்திட்டாய்,” என்றேன்.

“ஓம். தோத்தவை சாப்பாடு வாங்கிக் குடுக்க வேணும். வாற சனிக்கிழமை.” அவள் கடலைப் பார்த்தபடி சொன்னாள். “நேரம் பாக்க வேண்டாம். நான் வேலை முடிஞ்சு நேரா போறன்.”

மனைவி என் முழங்கையில் இடித்தாள். நான் உயிர்காப்புச் சட்டைகளை எண்ணுவதாகப் பாவனை செய்தேன். அந்த முறை ஒன்றும் எண்ணவில்லை.

அடுத்த வருடம் ஆவணியில் கலியாணம். சம்பந்தியும் நானும் சேர்ந்து, மணிக்கூட்டை முன்னே தள்ளாத மாதமாகப் பார்த்து முகூர்த்தம் வைத்தோம். ஒரு நாயும் வந்தது. அதற்குச் சாப்பாடு போடுகிறவர் மாப்பிள்ளை. கலியாணச் செலவு தனிக் கணக்கு. டொக் பார்த்த செலவை மட்டும் இங்கே சொல்கிறேன். அன்று காரடிக்குத் திரும்பி வந்தபோது மணி இரண்டு ஐந்து. கண்ணாடியில் ஒரு தாள் செருகியிருந்தது. மீற்றர் நேரம் தாண்டி நின்றதற்குத் தண்டம் பதினைந்து டொலர். மகள் அதை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். “இது நீங்கள் ராகுவுக்குக் கூட்டின ஒரு மணித்தியாலம், அப்பா.”

கார் நிறுத்த ஆறு டொலர், ஃபெரிக்கு மூவருக்கும் போய்வரப் பதினேழு, நன்கொடைப் பெட்டியில் மூன்று, தேங்காய் ஒரு டொலர் எண்பது, வாழைப்பழம் இரண்டு நாற்பது, தண்டம் பதினைந்து. வடைக்கு உளுந்து வீட்டில் இருந்தது, சேர்க்கவில்லை. ஆக மொத்தம் நாற்பத்தைந்து டொலர் இருபது சதம்.